அப்பா விட்ட பீடி

முகாமின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். இந்தப் பக்கம், முகாமுக்குள், நான். சண்டை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவரைக் கண்டதும் அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அழுகைக்கு முன்னால் ஒரு குழப்பம் வந்தது. இந்த மனிதரிடம் ஏதோ குறைகிறதே என்று பட்டது. மெலிந்திருந்தார், தலை வெளுத்திருந்தது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வேலிக்குள்ளால் கையை விட்டு என் கன்னத்தைத் தொட்டபோதுதான் பிடிபட்டது. அப்பாவின் விரல்களில் பீடி மணம் இல்லை.

எனக்கு அப்பா என்றால் அந்த மணம்தான். மன்னார்க் கரையை விட்டு வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் ஓடிவந்தபோது நான் சிறு பிள்ளை. கடல் எழும்பி அடித்த அந்தப் பயணம் முழுக்க அவருடைய சேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். உப்பும் பீடியும் கலந்த அந்த மணம் மூக்கில் இருக்குமட்டும் நாங்கள் தாழமாட்டோம் என்று எப்படியோ நம்பினேன். பிறகு கண்டக்குழியில் குடிசை போட்டு, குடிசை கல்வீடாகி, நான் வளர்ந்து பெரியவளான பின்பும் வீட்டுக்குள் கால் வைத்ததும் என் மூக்கு அந்த மணத்தைத்தான் தேடும்.

"அப்பா, பீடி எங்க?" என்று கேட்டேன். அத்தனை மாதம் சாவுக்குள் கிடந்து மீண்ட பிள்ளை தகப்பனிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே அழத் தொடங்கினார்.

விஷயத்தைப் பிறகு அம்மாதான் சொன்னார். சமாதான காலத்தில், பாதை திறந்திருந்தபோது, சின்னம்மாவோடு தங்கி ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கலாம் என்று வன்னிக்குப் போனவள் நான். பாதை மூடிவிட்டது. சண்டை இறுகிய பிறகு என்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் அப்பா கடலுக்குப் போகாமல், மாதாவின் தாயான புனித அன்னம்மாளின் தலவிலக் கோயிலுக்கு நடக்கத் தொடங்கினார். அம்மா பின்னால் போனார். அன்னம்மாளின் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, சாறத்து மடியில் இருந்த பீடிக் கட்டையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்து வைத்து, "என்ர பிள்ளையை உயிரோட தா தாயே. அவள் உயிரோட இருக்குமட்டும் இனிப் புகை என்ர வாய்க்குள்ள போகாது" என்று நேர்ந்தாராம்.

அம்மாவுக்குத் தெரிந்த நேர்த்தி வேறு. நேர்த்தி என்றால் கொடுத்து முடிக்கிற ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கட்டு மெழுகுதிரி, ஒரு தென்னங்கன்று, வெள்ளியில் செய்த சின்னக் கை அல்லது கால். இந்த மனிதரோ முடிவே இல்லாத ஒன்றை நேர்ந்துவிட்டார். அதுவும் பீடியை. மீசை முளைக்க முதலே பீடி பிடித்தவர், வலை இழுக்கும்போதும் அதை வாயில் இருந்து எடுக்காதவர். பிள்ளை திரும்பி வந்த பிறகு இவர் ஒரு நாள் சபலப்பட்டு ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், அன்னம்மா தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவாவே! அம்மாவின் பயம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அந்தப் பயத்தின் நடுவில் இருந்தவள் நான்.

ஆனால் அப்பா விட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பீடிக்குப் பதிலாக ஒரு துண்டு ஈர்க்கு அவர் வாயில் இருந்தது. கடித்துக் கடித்துத் தும்பாகும், துப்பிவிட்டு இன்னொன்று. காதிலும் ஒன்று செருகியிருப்பார். கண்டக்குழியில் காற்றுக்காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரருக்கென்று விடுதிகள் எழும்பத் தொடங்கிய காலம் அது. அதில் ஒன்றில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை கிடைத்தது. மீன் கொண்டுவந்த அப்பாவுக்கு ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரன் சிகரெட்டை நீட்டினான். அப்பா காதில் இருந்த ஈர்க்கை எடுத்துக் காட்டி, என்னிடமும் இருக்கிறது என்று சைகை செய்தார். அவன் விழித்த விழியை நினைத்து இப்போதும் சிரிக்கலாம், சிரிக்க முடிந்தால்.

"என்ர உயிர் ஒரு கட்டுப் பீடிக்குத்தானே போச்சுது?" என்று அவரைச் சீண்டுவேன். "ஓம், அன்னம்மா மலிவாத்தான் குடுத்தவ" என்பார்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் தலவிலைக்குப் போவோம். கோயில் வளவில் மரங்களுக்குக் கீழே கிடுகால் மறைப்புக் கட்டி, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சில நாட்கள் தங்குவோம். கடற்கரைக் கோயில், காற்றில் மெழுகுதிரி நிற்காது. சனம் நெருப்புக்குச்சிகளை வீணாக்கிக்கொண்டு நிற்கும்போது அப்பா போய் இரண்டு கைகளையும் கூடாகக் குவித்து ஒரே குச்சியில் பற்றவைத்துக் கொடுப்பார். வள்ளத்தில் நின்று பீடி பற்றவைத்துப் பழகிய கை. தெரியாத ஆட்கள்கூட அவரிடம் திரியை நீட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். நேர்ந்ததைக் காப்பாற்றிய மனிதனின் பெருமை அது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அப்படிப் போயின. பிறகு இருமல் வந்தது.

முதலில் கடல் காற்று என்றார். பிறகு மழை என்றார். துணியில் இரத்தம் கண்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்தித் துண்டு எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். நுரையீரலில் புற்றுநோய், அதுவும் பரவிவிட்டது என்று சொன்ன டொக்டருக்கு நிற்க நேரமில்லை. வெளியே வரிசை கதவைத் தாண்டி நின்றது. "பீடி குடிக்கிற ஆக்களுக்கு வாற வருத்தம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் எங்கள் வீட்டுக்குள் வந்து செய்த வேலையை அவர் அறியமாட்டார்.

பஸ்ஸில் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன். கை விறைத்திருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து?"

"களவாக் குடிக்கத் தொடங்கினது எப்ப இருந்து எண்டு கேக்கிறன்."

அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் குடிக்கேல்லை" என்றார்.

"அப்ப இந்த வருத்தம் வானத்தால விழுந்ததோ? குடிக்கிற ஆக்களுக்கு வாறதெண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் விட்டு எவ்வளவு காலம்? விட்டவருக்கு ஏன் வருது?"

அம்மாவின் கணக்கு நேரானது. பீடி குடித்தால் வரும் நோய். விட்ட மனிதருக்கு வந்திருக்கிறது. ஆகவே அவர் விடவில்லை. இந்தக் கணக்கை அம்மா மட்டும் போடவில்லை, ஊரே போட்டது. நேர்த்தி வைத்ததை ஊர் அறியும். வலை வைக்கும் வாடிக்குப் பின்னால் அவர் வாயில் பீடியோடு குந்தியிருந்ததைக் கண்டதாகப் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். ஈர்க்குக்கும் பீடிக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு நாக்கு மட்டும் நீளம். அம்மா அப்பாவின் சேட்டுகளை மணந்து பார்க்கத் தொடங்கினார். மணக்கத்தானே செய்யும். அம்மாவின் தம்பியான மாமாதான் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போகிறவர்; அவர் ஒன்று அணைய முதல் இன்னொன்று பற்றவைப்பவர். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, குத்துக்கல் மாதிரி இருக்கிறார். "அத்தான் குடிக்கேல்லை அக்கா, நான்தானே பக்கத்தில இருக்கிறனான்" என்று மாமா சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கூட்டாளி கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பானா என்பது அவர் நினைப்பு.

நான் அம்மாவோடு சண்டை போட்டேன். சாகப்போகிற மனிதரிடம் இதையா கேட்பது என்று கத்தினேன். குடித்திருந்தாலும்தான் என்ன, எனக்காக ஒரு மனிதன் அவ்வளவு காலம் வாயைக் கட்டியதே போதாதா என்றேன். அப்படிச் சொன்னது அப்பாவுக்கு அம்மாவின் பேச்சைவிட அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன். "குடிச்சிருந்தாலும் எண்டு சொல்லாத பிள்ளை" என்றார். "நான் குடிக்கேல்லை."

அந்த நேரம் பார்த்து எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அந்த மழைக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு வந்த காய்ச்சல்தான். ஆனால் அம்மாவின் கண்ணில் அது காய்ச்சல் இல்லை; அன்னம்மா கணக்குத் தீர்க்க வந்துவிட்டா. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அப்பா இருமிக்கொண்டே பார்க்க வந்தார். அம்மா அவரை வாசலில் மறித்தார்.

"போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வாங்கோ. செய்ததைப் பங்குச் சுவாமியிட்டச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கோ. என்னில இரக்கம் இல்லாட்டியும் பிள்ளையில இரக்கம் இருக்கெல்லோ?"

அப்பா மறு பேச்சில்லாமல் போனார். அடுத்த நாள் வந்தபோது நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டார், "சொன்னீங்களோ?"

"சொன்னன். வலைக்குக் காவல் இருந்தவனை ஏசினது, உன்னோட கோபிச்சுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தது எல்லாம் சொன்னன். பீடி குடிச்சன் எண்டு சொல்லேல்லை. செய்யாததைச் சொன்னா அது வேற பாவமெல்லோ?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரோடு நேரே கதைப்பதை விட்டுவிட்டார். "அப்பாவிட்டச் சாப்பிடச் சொல்லு", "அப்பாவிட்ட மருந்து போடச் சொல்லு" என்று எல்லாம் என் வழியாகத்தான். மருந்து, கஞ்சி, வெந்நீர், ஒன்றும் நேரம் தவறியதில்லை. வார்த்தை மட்டும் இல்லை. அப்பா அந்த வீட்டில் தன் நோயோடு இருந்ததைவிட அந்த மௌனத்தோடுதான் அதிகம் கஷ்டப்பட்டார். ஒரு நாள் என்னிடம், "சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை பிள்ளை. கள்ளன் எண்ட பேரோட போகத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார். அவருக்கு வேண்டியது என் வார்த்தை இல்லை.

மருந்து ஏற்றும் கிளினிக்கில் வேறு ஒரு டொக்டர் இருந்தார். முக்காடு போட்ட இளம் பெண், புத்தளத்துப் பிள்ளை. நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறவர். மூன்று பேரும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு அம்மா கேட்டார்.

"டொக்டர், நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோ. இவர் பீடியை விட்டுக் கனகாலம் எண்டுறார். விட்டவருக்கு இந்த வருத்தம் வருமோ?"

எனக்கு வெட்கத்தில் தலை குனிந்தது. டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் நடப்பது அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும்.

"வரும் அம்மா. விட்டவங்க நெறையப் பேருக்கு வந்திரிக்கி" என்றார். "ஒடம்புக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத அளவுல மரபணு எண்டு ஒண்டு இரிக்கி. அதுல சிலது காவக்காரன் மாதிரி. கண்டபடி ஒண்டும் வளராமப் பாத்துக்கொள்ளும். பீடிப் புகை சில எடத்துல அந்த மரபணுவையே ஒடைச்சுப் போடும். சில எடத்துல ஒடைக்காது. அதுக்கு மேல சின்னச் சின்ன அடையாளங்கள ஒட்டி வெச்சிரும். சுவிட்ச் நல்லாத்தான் இரிக்கி, ஆனா மேல டேப் ஒட்டினா எரியுமா? அப்படிக் காவக்காரனத் தூங்க வெச்சிரும்."

"விட்ட பிறகு அது போகாதோ?"

"நெறையப் போயிரும். விட்டுச் சில வருசத்துல கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிரும். ஆனா எல்லாம் போகாது அம்மா. சில அடையாளம் எத்தின வருசம் போனாலும் அப்படியே இரிக்கும். வாலிபத்துல குடிச்ச பீடிக்கு வயசுபோன காலத்துல வருத்தம் வாறது அதாலயும்தான். விட்டது வீணில்ல. விடாம இருந்திருந்தா இது முந்தியே வந்திருக்கலாம்."

அப்பா நிமிர்ந்தார். நோய் வந்த நாளில் இருந்து அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. ஆனால் அம்மா விடுகிறவரா?

"அப்ப, விட்ட பிறகு களவாக் குடிச்சவரோ இல்லையோ எண்டு ரத்தத்தில பாக்க ஏலாதோ?"

டொக்டர் தயங்கினார். "வெளிநாட்டுல ஆராய்ச்சி செய்யிற எடங்கள்ல அந்த அடையாளங்களப் பாத்து, இப்பவும் குடிக்கிறவரா, எப்பவோ விட்டவரா எண்டு ஓரளவுக்குச் சொல்லுவாங்க. நம்மட்ட அந்த வசதி இல்ல."

அவர் சொல்லி முடிக்க முதல் அப்பா சேட்டின் கைப்பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டார். பூசைக்குப் போடும் நீளக்கைச் சேட்டு. ஆஸ்பத்திரிக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார். கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மருந்து ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன நரம்பு மேலே தெரியும்படி மேசையில் நீட்டி வைத்தார்.

"எடுங்கோ டொக்டர்" என்றார். "எவ்வளவு வேணுமெண்டாலும் எடுத்து அங்க அனுப்புங்கோ. இவவுக்கு மறுமொழி வரட்டும்."

டொக்டர் அந்தக் கையைத் தொட்டு, சேட்டை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டார். "அனுப்ப எடமில்ல ஐயா" என்றார். அப்பா கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த யன்னலுக்கு வெளியே ஒரு மதிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த இடத்திலேயே அம்மா நம்பிவிட்டார். எனக்கு அது தெரியும். பஸ்ஸில் அப்பாவை யன்னலோரம் இருக்கவிட்டு, காற்றுப் படாமல் தன் சேலைத் தலைப்பை அவர் நெஞ்சில் போட்டார். வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த திரளி மீன் சொதி வைத்தார். ஆனால் சொல்லவில்லை. சாப்பிட வரும்படி என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்.

விடுதி மேசையில் வேலை இல்லாத நேரங்களில் போனில் தேடித் தேடி வாசித்தேன். எபிஜெனெட்டிக் என்று ஒரு சொல். மரபணுவில் உள்ள எழுத்து அப்படியே இருக்க, அதை வாசிக்கவிடாமல் மேலே விழுகிற அடையாளங்களைப் பற்றிய படிப்பாம். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. விளங்கியதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மண்ணெண்ணெய் ஊத்தின பிளாஸ்டிக் கானைக் கழுவிப்போட்டுத் தண்ணி கொண்டுபோறமெல்லோ, எத்தினை தரம் கழுவினாலும் அந்த மணம் கிடக்கும். அது மாதிரித்தான்" என்றார். பிறகு கேட்டார்: "அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கினதோ?"

"விளங்கியிட்டுது அப்பா. அவ நம்பிறா."

"அப்ப ஏன் சொல்லுறாவில்லை?"

அதற்கு மறுமொழி தேடிக்கொண்டு குசினிக்குப் போனேன். "ஒரு சொல்லுத்தானேயம்மா. நம்பிறன் எண்டு சொன்னா வாய் நோகுமோ?" என்று கேட்டேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தார்.

"எந்த முகத்தோட சொல்லுறது?" என்றார் கடைசியில். "வாசல்ல மறிச்சு நிண்டு பாவசங்கீர்த்தனத்துக்குக் கலைச்சனானெல்லோ. இதைச் சும்மா அடுப்படியில நிண்டு சொல்ல ஏலாது. பெருநாளுக்குப் போவம். எங்க நேர்ந்தவரோ, அங்க, அன்னம்மாவுக்கு முன்னால முழங்காலில நிண்டு அவரிட்டயும் அவவிட்டயும் ஒண்டா மன்னிப்புக் கேக்கிறன்."

அம்மா இப்படித்தான். மன்னிப்புக்கும் ஒரு கோயில் வேண்டும், ஒரு பெருநாள் வேண்டும். பெருநாள் வருமட்டும் நோய் காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா கிடுகு பின்னி அடுக்கத் தொடங்கினார். அப்பாவால் நடக்க முடியாது என்பதால் வாடகை வான் ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அவருக்கென்று ஒரு சாய்மனைக் கதிரையும் இரவல் வாங்கினார். இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்று அப்பாவுக்குத் தெரியாது. பெருநாளுக்குப் போகிறோம் என்று மட்டும்தான் அவருக்குச் சொன்னோம். நானாவது விஷயத்தை உடைத்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோதெல்லாம், "நான்தான் சொல்ல வேணும், நீ வாயைத் திறக்காத" என்று அம்மா தடுத்தார்.

பெருநாளுக்குக் கொடியேறிய வாரம் அப்பாவுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். வானையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முன்னறையில் யன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு, தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தோம். தென்மேல் காற்று வீட்டை அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காற்றுக்குள் இருந்துகொண்டு அவருக்கு ஒரு மூச்சுக்குக் காற்றில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யாரில் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் மாமா பார்க்க வந்து, பார்க்க முடியாமல் முற்றத்துக்குப் போய்ப் பீடியைப் பற்றவைத்தார். புகை யன்னலால் உள்ளே வந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். மூக்கு அசைந்தது. பழைய ஆசை ஒன்று அந்த முகத்தில் வந்து போனதை அம்மாவும் கண்டார், நானும் கண்டேன்.

அம்மா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பீடி இருந்தது. மாமாவிடம் வாங்கி, அடுப்பில் நெருப்பு எடுத்து, வாழ்க்கையில் பீடியைக் கையால் தொட்டிராத மனுசி தானே இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இருமலால் கண்ணெல்லாம் நீர். கட்டிலில் அவர் பக்கத்தில் இருந்து, அந்தப் பீடியை அவருடைய உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இஞ்சேருங்கோ" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேரே அவரைக் கூப்பிட்ட முதல் சொல். "ஒருக்கா இழுங்கோ. இனி என்ன. அன்னம்மாவுக்கு நான் சொல்லுறன்."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு பீடியைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பினார். அம்மா திரும்பவும் கையை நீட்ட, அதைத் தன் கையால் மெல்லத் தள்ளினார். பலமில்லாத கை.

"இன்னும் என்னைச் சோதிக்கிறியோ?" என்றார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சுத் தேவைப்பட்டது. அம்மா, "ஐயோ, இல்லையப்பா, இல்லை" என்று பீடியை நிலத்தில் போட்டு வெறுங்கையால் நசுக்கினார். அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் என்னைத் தேடினார். நான் கால் பக்கம் நின்றேன். என்னைக் கண்டதும் விரலை என் பக்கம் நீட்டி, "பிள்ளை இருக்கிறாளெல்லோ" என்றார். அம்மாவுக்குத்தான் சொன்னார், கண் மட்டும் என்னில் இருந்தது. "அவள் இருக்குமட்டும்."

அதற்குப் பிறகு அவருக்கு நினைவு தெளியவில்லை. அம்மா அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நம்பிறன், சோதிக்கேல்லை, ஆசையிலதான் தந்தனான், நான் நம்பிறன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவருக்குக் கேட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த நாள் விடிய அவர் போய்விட்டார்.

பெட்டியை முன்னறையில் வைத்திருந்தோம். ஊர் முழுக்க வந்தது. வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்து அம்மா ஒன்றைத்தான் சொன்னார்: "இந்த மனிசன் நேர்ந்த நாளில இருந்து ஒரு பீடி குடிக்கேல்லை." சுவாமியிடம் சொன்னார். மாமாவிடம் சொன்னார். பக்கத்து வீட்டு மாமியிடம் கொஞ்சம் உரத்துச் சொன்னார். மாமி தலையைக் குனிந்துகொண்டு ஓமோம் என்றார். தமிழ் விளங்காத சிங்களப் பிள்ளைகள் விடுதியில் இருந்து வந்தபோது அவர்களுக்குச் சிங்களத்திலும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் அடைத்துப்போனது, அப்போதும் விடவில்லை. கேட்க வேண்டியவர் அந்த வீட்டின் நடுவில், வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

பெருநாள் பூசைக்கு அம்மாவும் நானும் மட்டும் போனோம். கிடுகு மறைப்புக் கட்டவில்லை. அம்மா முழங்காலில் நிற்கப் போய், நின்று பழகிய இடத்தில் நிற்க முடியாமல், நிலத்தில் இருந்துவிட்டார். மெழுகுதிரி ஒன்றை என்னிடம் தந்து பற்றவைக்கச் சொன்னார். காற்று அணைத்தது. திரும்பப் பற்றவைத்தேன், திரும்ப அணைத்தது. அப்பாவைப் போல இரண்டு கைகளையும் கூடாகக் குவித்துப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "போன வருசம் ஒரு ஐயா நிண்டவர், ஒரே குச்சியில பத்தவைப்பார், அவரைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

அம்மா நிலத்தில் இருந்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தார். "அவர் என்ர மனிசன்" என்றார். "அவர் பீடி குடிக்கிறேல்லை."